வியாழக்கிழமை மாலை மருந்து

அறிக்கையிலிருந்து 'விழிப்புணர்வின்மை' என்ற சொல்லை என் தோழி அடித்துவிட்ட மதியம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தஞ்சாவூரில் நாங்கள் தங்கியிருந்த மாடியறையில் மின்சாரம் போயிருந்தது. பேனாவை மூடிவைத்துவிட்டு, "இது பொய்டி. இதை எழுதிட்டு நான் அந்த ஊருக்குள்ள திரும்பக் காலெடுத்து வைக்க முடியாது" என்றாள்.

படிப்பு முடித்த கையோடு பொதுச் சுகாதார ஆய்வுக்கான ஃபெல்லோஷிப் எங்கள் இருவருக்கும் கிடைத்திருந்தது. அவள் சீர்காழிப் பெண், பல் மருத்துவம் படித்தவள். நான் புள்ளியியல். வயல்வேலைக்குப் போகும் பெண்கள் ரத்தக்கொதிப்பு மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்று கண்டறிவது எங்கள் வேலை. அவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று எழுதிவிட்டால் எல்லோருக்கும் சௌகரியம். வழிகாட்டிப் பேராசிரியரும் அதைத்தான் எதிர்பார்த்தார். எங்களை மறு ஆண்டுக்கு நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவரும் அவரே.

ஆனால் அதற்கு முந்தைய வாரம், நாங்கள் பேட்டி கண்டிருந்த ஒரு பெண் நடவு வயலிலேயே பக்கவாதம் வந்து விழுந்துவிட்டார். மாத்திரையின் அவசியம் அவருக்குத் தெரியாமல் இல்லை. எங்களிடம் சொல்லியிருந்தார்: "ஆஸ்பத்திரியில மாத்திரை குடுக்கறது காலையிலதாம்மா. அங்க போயி உக்காந்தா அன்னிக்கு நடவுக்குச் சேத்துக்க மாட்டாங்க. நடவு முடியட்டும்னு இருக்கேன்."

அவரை மருத்துவமனையில் பார்த்துவிட்டு வந்து தோழி வெகுநேரம் அழுதாள். அடுத்து யாருடனாவது சண்டைக்குக் கிளம்புவாள் என்று நினைத்தேன். அவளோ ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸிடம் போய், சாயங்காலம் மாத்திரை கொடுக்க முடியுமா என்று கேட்டாள். நர்ஸ் பொரிந்து தள்ளிவிட்டார். "கடைசி பஸ்ஸ விட்டுட்டா நான் எப்படிம்மா வீடு போய்ச் சேர்றது? எனக்கும் புள்ளைங்க இருக்குல்ல?"

தோழி அதைக் குறித்துக்கொண்டாள். அந்தக் கோபத்துக்கும் அறிக்கையில் இடம் கொடுத்தாள். வாரத்தில் வியாழன் ஒரு மாலை மட்டும் மருந்து, அன்று காலை நர்ஸுக்கு ஓய்வு, அவர் வீடு திரும்ப நிலையத்தின் வண்டி. மக்களுக்கு அறிவுரை சொல்லும் பக்கத்தை எடுத்துவிட்டு இதை எழுதினாள்.

பேராசிரியர் முகம் சுளித்தார். "ஆராய்ச்சி மாதிரியே இல்லையேம்மா, டைம் டேபிள் மாதிரி இருக்கு."

"தப்பு டைம் டேபிள்லதான் சார் இருக்கு" என்றாள்.

மாவட்ட அதிகாரிகளின் கூட்டத்திலும் அதையே சொன்னாள். முழுவதையும் சொல்லி முடித்தாள். வண்டியைப் பற்றி மட்டும் ஏதோ விசாரித்துவிட்டு, அந்த ஒரு நிலையத்தில் நடத்திப் பார்க்கச் சம்மதித்தார்கள்.

முதல் வியாழன் வெகுநேரம் யாரும் வரவில்லை. நர்ஸ் எங்களைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார். பிறகு ஒரு லோடு வண்டி வந்து நின்றது. கெண்டைக்காலில் காய்ந்த சேற்றோடு பெண்கள் ஒவ்வொருவராகக் குதித்து இறங்கினார்கள். தோழி என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு நீட்டிப்பு கிடைத்தது. அவளுக்கு இல்லை. அவள் நாகப்பட்டினத்தில் மீனவப் பெண்களுக்கான மருத்துவப் பணியில் சேர்ந்துவிட்டாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள்.

போன மாதம் அந்தச் சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். வியாழன் மாலை, வரிசை வாசல் தாண்டி நின்றது. புதிதாக வந்திருந்த நர்ஸிடம் இதை ஆரம்பித்தது யாரென்று தெரியுமா எனக் கேட்டேன். "இங்க எப்பவுமே இப்படித்தாங்க" என்றார்.

மனம் கேட்காமல் தோழியைப் போனில் அழைத்துச் சொன்னேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"எப்பவுமே இப்படித்தான்னு சொன்னாங்களா? அப்ப இனிமே யாரும் நிறுத்த மாட்டாங்கடி."