பனங்கிழங்கும் ஒரு பெனால்ட்டியும்

அவித்த பனங்கிழங்கின் வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு வாய் உலர்ந்துவிடுகிறது. மஞ்சளும் உப்பும் சேர்ந்து கொதிக்கிற வாசனை... மற்றவர்களுக்குப் பொங்கல் ஞாபகம் வரும். எனக்கு ஒரு டவுன் பஸ் ஞாபகம் வரும்.

ஃபுட்பால் ரெஃப்ரி தேர்வில் பாஸாகிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பாளையங்கோட்டையில் டீச்சர் வேலை. வயது இருபத்தாறு. பெரிய மேட்ச் வேண்டுமென்றால் கிடைக்கிற சின்ன மேட்சையெல்லாம் ஊதிப் பழக வேண்டும். சீவலப்பேரிக்குப் பக்கத்து ஊரில் பொங்கல் போட்டி; ஃபைனலுக்கு வர வேண்டிய ரெஃப்ரிக்குக் காய்ச்சல். என்னை அனுப்பிவிட்டார்கள்.

பஸ்ஸில் விசிலைக் கைக்குள் பொத்திக்கொண்டு, விதிகளை மனதுக்குள் சொல்லிப் பார்த்தபடியே போனேன். பாதி வழியில் நீல ஜெர்சி போட்ட பையன்கள் கூட்டமாக ஏறினார்கள். ஃபைனல் ஆடப் போகிற வெளியூர் டீம். என் கறுப்புச் சட்டையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"யக்கா, நீங்கதான் ரெஃப்ரியா? இப்பம் பொம்பளப் பிள்ளையளும் ஊதுதாவளா!"

கேலி இல்லை, ஆச்சரியம்தான். கேப்டன் இசக்கி ஒரு பனங்கிழங்கை உரித்து, நாரைக் கிழித்து நீட்டினான். "தின்னுங்கக்கா, எங்க பனங்காட்டு வெளையில உள்ளது."

வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. ருசியாக வேறு இருந்தது...

அவர்களோடு சேர்ந்து இறங்கியபோதுதான் செய்த காரியம் புரிந்தது. மைதானம் முழுக்க உள்ளூர் ஆட்கள். என்னைப் பார்த்தார்கள். நீல ஜெர்சிகளைப் பார்த்தார்கள். என் கையிலிருந்த மிச்சக் கிழங்கையும் பார்த்தார்கள்.

உள்ளூர் டீமுக்கு எதிராக ஊதிய ஒவ்வொரு விசிலுக்கும் வெளியிலிருந்து குரல் வந்தது.

"ஏலே, அந்தம்மா அவனுவகூடத்தாம்லே பஸ்ல வந்து இறங்குனா!"

"கெழங்கு தின்ன வாயில்லாலே அது. விசில் எப்படி நேரா ஊதும்!"

சுற்றிலும் ஒரு கயிறுகூடக் கிடையாது. சுண்ணாம்புக் கோட்டை மிதித்துக்கொண்டு நின்றார்கள். நான் ஓட ஓட, என் கண் பந்தை விட்டுவிட்டு வெளியே போகிற வழியைத் தேடியது. விசில் உதட்டில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. முடியப் போகிற நேரம். வெளியூர் டீமின் கோல் பக்கம் பந்து உயர்ந்து வந்தது. நீல ஜெர்சியில் ஒரு மெலிந்த பையன், விழுந்துகொண்டே கையை நீட்டித் தட்டிவிட்டான். பெனால்ட்டி பாக்ஸுக்குள். என் கண்ணுக்கு நேராக.

அப்போது மனதில் வந்தது விதி இல்லை. பஸ்தான். சாயங்காலம் திரும்பிப் போக ஒரே பஸ், அதில் இவர்களும் வருவார்கள். ஊதாவிட்டால் இந்த ஊரை விட்டு வெளியே போக முடியாது. ஊதினால் அந்த பஸ்ஸில் ஏற முடியாது.

ஊதினேன்.

இசக்கி ஓடி வந்தான். "யக்கா! எங்க கெழங்கத் தின்னுட்டு எங்களுக்கே ஆப்பு வைக்கியளே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முதலில் திட்டியதைவிட அந்தச் சிரிப்புதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. பெனால்ட்டி கோலானது. உள்ளூர் டீம் ஜெயித்தது.

திட்டியவர்களே சோடா உடைத்துக் கொடுத்தார்கள். போட்டி நடத்திய அண்ணாச்சி பைக்கைக் கிளப்பிக்கொண்டு வந்தார். "டீச்சர், அவனுவ கோவத்துல இருக்கானுவ. பஸ்ல போவாதிய. நான் கொண்டு விடுதேன், ஏறுங்க."

ஏறிவிடத்தான் கால் நகர்ந்தது. நிமிர்ந்தால், பஸ் ஸ்டாப்பிலிருந்து நீல ஜெர்சிகள் அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த பைக்கில் ஏறினால், நான் கொடுத்த பெனால்ட்டி பொய்யாகிவிடும் என்று தோன்றியது.

"இல்ல அண்ணாச்சி... பஸ்லயே போயிருதேன்."

முன் சீட்டில் உட்கார்ந்தேன். பின்னால் அவர்கள். வெளியே இருட்ட இருட்ட, ஜன்னல் கண்ணாடியில் அவர்கள் முகங்கள் தெரிய ஆரம்பித்தன.

கண்டக்டருக்கு அவர்களைத் தெரியும்போல. "என்னலே, கப்பு எங்க?"

"ரெஃப்ரிகிட்ட கேளுங்க அண்ணாச்சி."

"எவம்லே அந்த ரெஃப்ரி?"

"அந்தா, முன்னால இருக்காவள்லா."

கண்டக்டர் வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவர்கள் ஊர் வந்ததும் அவர் விசிலை ஊத, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது!

ஒவ்வொருவராக என்னைத் தாண்டி இறங்கினார்கள். கையால் தட்டிய பையனின் கண் அழுது வீங்கியிருந்தது. கடைசியாக வந்த இசக்கி என் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றான். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"யக்கா, ஒண்ணு கேக்கட்டா? அது உள்ளூர்க்காரனுவ கையா இருந்தா... அந்தக் கூட்டத்துக்கு முன்னால ஊதிருப்பியளா?"

"ஊதிருப்பேன்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தான். "சரிக்கா" என்று இறங்கிவிட்டான். அவன் நம்பினானா, தெரியாது. அன்றைக்கு நானே அதை நம்பவில்லை.

இப்போது மேட்சுக்கு என் ஸ்கூட்டரில்தான் போகிறேன். டீம்காரர்கள் யார் கொடுத்தாலும் தண்ணீர்கூட வாங்குவதில்லை. மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டுகிறார்கள். வீட்டுக்கு வந்து சேருவதற்குள் ஃபோனில் நான் ஊதிய மேட்சின் வீடியோ வந்துவிடுகிறது. கூடவே வசவுகள்... முகம் தெரியாத ஆட்கள். அவர்களுக்கும் பயப்படத்தான் செய்கிறேன். ஆனால் அவர்களில் ஒருவர்கூட என் பக்கத்தில் நின்று எதையும் கேட்பதில்லை.

அதற்கப்புறம் எத்தனையோ ஊர்களில், உள்ளூர்க் கூட்டத்துக்கு முன்னால் உள்ளூர் டீமுக்கு எதிராகவே பெனால்ட்டி கொடுத்திருக்கிறேன். ஸ்கூட்டரைக் கிளப்பும்போது அந்த ஊர் பஸ் ஸ்டாப்பை ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.

இசக்கி நின்றால் சொல்லிவிடலாம்... ஊதிட்டேன்லே, என்று.