பாறை மேல் பூசிய சிமென்ட்

என் சிநேகிதன் செல்வத்தின் இடது காலில் இன்னும் கம்பி இருக்கிறது. போன ஞாயிறு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இந்தப் பத்திரிகையில் வாராவாரம் என் பயங்களைப் படிக்கிற நீங்கள், உனக்கு என்றைக்குத்தான் தூக்கம் வந்தது என்கிறீர்களா? வாஸ்தவம். ஆனால் இது வேறு.

ஆனேக்கல் பக்கம், கைவிட்ட கல்குவாரி ஒன்றின் அடியில் செல்வத்துக்குப் பஞ்சர் கடை. மேலே செங்குத்தான பாறை. அதில் ஒரு விரிசல். கடைக்கு வழக்கமாக வரும் ஜியாலஜி லெக்சரர் ஒருவர் விரிசலின் குறுக்கே உள்ளங்கை அளவு சிமென்ட் பூசி வைத்திருந்தார். பாறை நகர்ந்தால் பூச்சு உடையும். அவ்வளவுதான் விஷயம்.

இரண்டு மாதம் முன்பு சின்னதாக ஒரு நில அதிர்வு. லிங்கராஜபுரத்தில் என் வீட்டுப் பாத்திரங்கள் கிணுகிணுத்தன. அடுத்த பஸ்ஸில் ஓடினேன். பூச்சில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல்!

"டேய், பல்லி விழுந்தாலே ஊரைக் கூட்டுறவன் நீ" என்று சிரித்துவிட்டு, கீறலை எட்டிக்கூடப் பார்க்காமல் வேலைக்குத் திரும்பினான் செல்வம்.

அவன் மனைவி மேரி சிரிக்கவில்லை. "அதப் பாத்தாலே பக்குனு இருக்குண்ணா. நீங்கதான் மேஸ்திரியாச்சே... பூசி விட்ருங்களேன்."

பூசினேன். புது வேலை தனியாகத் தெரியக் கூடாது என்பது எங்கள் தொழில் பழக்கம். கொஞ்சம் மண்ணைத் தடவி நிறமும் சேர்த்தேன். கீறல் இருந்த இடமே தெரியவில்லை. என் மனசும் ஆறிப்போனது.

நாலாம் நாள் லெக்சரர் வந்து பார்த்தார். "ஸ்வல்ப்பவும்... கொஞ்சங்கூட அசையல செல்வம். அசைஞ்சிருந்தா இன்னைக்கே கடையக் காலி பண்ணச் சொல்லியிருப்பேன்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். எட்டாவதோடு நின்றவன், படித்த மனிதரிடம் போய் ‘சார், உங்க அடையாளத்த நான்தான் அழிச்சேன்' என்று எப்படிச் சொல்வது? டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

அடுத்த பெருமழையில் பாறை சரிந்தது. டயர் கழற்றிக்கொண்டிருந்தவனின் கால் அடியில் மாட்டிக்கொண்டது.

அதிர்வு வந்த அன்றே பாறை விழ வேண்டியதில்லையாம். அதிர்வு பிடியைத் தளர்த்திவிட்டுப் போகும். மிச்சத்தை மழை முடிக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் லெக்சரர்தான் சொன்னார். சொல்லிவிட்டு, "நான் சரியாப் பாக்கல... என் தப்பு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

வருஷமெல்லாம் பயப்படுகிறவன், பயப்பட வேண்டிய ஒரே நாளில் கரண்டி எடுத்துப் பூச்சு வேலை பார்த்திருக்கிறேன்.

படுத்திருக்கும் செல்வத்துக்கு இந்தப் பத்தியை வாராவாரம் மேரிதான் படித்துக் காட்டுகிறாள். இந்த வாரமும் படிப்பாள்.