அடியில் தண்ணீர் வழியும்வரை

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் ஊர் கோவில்பட்டியின் கேபிள் சானலில் எனக்குத் தோட்ட நிகழ்ச்சி கிடைத்தது அந்த வாயால்தான், செடியால் இல்லை. அதுவரை அங்கே பிறந்தநாள் வாழ்த்தும் ஜவுளிக்கடை விளம்பரமும் வாசித்துக்கொண்டிருந்தேன். சானல் நடத்தும் அண்ணாச்சி ஒருநாள் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை காலைல அரை மணி நேரம் மாடித் தோட்டம் போடுவோம், நீயே பேசிரு" என்றார். எனக்குத் தோட்டமெல்லாம் தெரியாது என்றேன். "தெரிஞ்சவன் எவனும் பேசமாட்டாம்மா. எனக்குப் பேசத் தெரிஞ்ச ஆளுதான் வேணும்" என்றார்.

பேசினேன். ஒன்றரை வருடம் பேசினேன். நல்ல தொகுப்பாளர் என்றால் இஸ்திரி போட்ட காட்டன் சேலை, தடுமாறாத பேச்சு, கடைசிவரை குறையாத சிரிப்பு, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். கயத்தாறு ரோட்டு நர்சரி ஒன்றிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டோவில் செடிகள் வரும். காய்த்த தக்காளி, பூத்த செம்பருத்தி என்று பார்த்துப் பார்த்து அனுப்புவார்கள். ஞாயிறு மதியமே அவை திரும்பிப் போய்விடும். ஒரு செடிகூட என் பொறுப்பில் ஒரு நாளுக்குமேல் இருந்ததில்லை என்பதால் ஒன்றுகூடச் சாகவில்லை. "என் செடி எதுவுமே வாடினதில்லை" என்று நேயர்களிடம் பீற்றிக்கொண்டது வேறு நடந்தது.

வாராவாரம் நான் சொன்ன பாடம் ஒன்று உண்டு. தொட்டிக்கு அடியில் உள்ள ஓட்டை வழியாகத் தண்ணீர் வழியும்வரை ஊற்றுங்கள், வழிந்ததும் நிறுத்திவிடுங்கள். எந்த ஊரிலோ யாரோ செல்போன் வீடியோவில் சொன்னதைப் பிடித்து, என் சரக்குபோல விற்றுக்கொண்டிருந்தேன்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நேரலையில் ஒரு பெண் அழைத்தார்.

"மேடம், விளாத்திகுளம் பக்கத்துல இருந்து பேசுதேன். நீங்க சொன்ன மாதிரியேதான் ஊத்துதேன். அடியில தண்ணி வந்ததும் நிப்பாட்டிருதேன். மொதல்ல கத்தரி செத்துச்சு, பெறவு தக்காளியும் போச்சு. எனக்குக் கைராசி இல்லைன்னு எங்க அத்தை சொல்லுதாவ. புரட்டாசில மெளகா வெதைக்கும்போது நீ வெதைப் பொட்டியத் தொடாதன்னுட்டாவ."

எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயமில்லை. மழையை நம்பி விதைக்கிற காடு. முதல் பிடி விதையை யார் கை போடுகிறது என்று பார்ப்பார்கள். ராசியில்லாத கை என்று ஒரு தடவை பெயர் வாங்கிவிட்டால், மழை பொய்த்தாலும் பழி அந்தக் கைமீதுதான் விழும். அது தெரிந்தே நான் என் சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, "செடியோட அன்பாப் பேசுங்கக்கா, அது கேக்கும்" என்றேன்.

"பேசிப் பாத்துட்டேன் மேடம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த வாரமே வீட்டுக்குப் பின்னாலிருந்து கரிசல் மண்ணை அள்ளித் தொட்டியில் நிரப்பி, கத்தரி நாற்று ஒன்றை வைத்தேன். இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்வோம். பருத்தியும் மிளகாயும் விளைகிற மண்ணை வைத்துக்கொண்டு தொட்டிக்கென்று தனியாக மண் கலக்குவதாவது என்று ஒரு மிதப்பு. என் பாடப்படியே தினமும் ஊற்றினேன். அடியில் உடனே வழிந்தது, நானும் உடனே நிறுத்தினேன். பதினைந்தாம் நாள் நாற்று தலையைத் தொங்கப் போட்டது. கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வரும் என்பார்கள். என்னுடையது பூக்கவே இல்லை.

தொட்டியைக் கவிழ்த்தேன். மண் முழுக்கட்டியாக வந்து விழுந்தது. வெளிப்பக்கம் ஈரமாக இருந்தது. சுத்தியலால் ஒரு போடு போட்டு உடைத்தால், உள்ளே வேரைச் சுற்றிலும் ஒரு பொட்டு ஈரமில்லை. அப்போதுதான் விளங்கியது. ஆறிப்போன கேப்பைக்களி சட்டியின் ஓரத்தை விட்டு விலகுவதுபோல, காய்ந்த கரிசல் தொட்டியின் சுவரை விட்டு விலகி நிற்கிறது. ஊற்றுகிற தண்ணீரெல்லாம் அந்த இடுக்கு வழியாக நேரே கீழே ஓடிவிடுகிறது. செடி தாகத்தில் செத்துக்கொண்டிருக்க, நாம் அடியில் வழிகிற தண்ணீரைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்கிறோம். அந்த அக்கா நான் சொன்னதை ஒழுங்காகக் கேட்டதுதான் தப்பு.

புரட்டாசிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அவர் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. எங்கள் சானலில் அழைக்கிறவர்களின் எண்ணைக் குறித்துவைக்கிற வழக்கமும் இல்லை. அவரிடம் சேதி சேர வேண்டுமென்றால் டிவியில்தான் சொல்ல வேண்டும்.

அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. "தப்பாச் சொல்லிட்டேன்னு நீயே சொன்னா அடுத்த வாரம் எவன் பாப்பான்? பேசாம அடுத்தாப்ல ரோஜாச் செடிக்குப் போயிரு. சனங்க மறந்துருவாவ" என்றார். சனங்கள் மறந்துவிடுவார்கள்தான். அந்த அத்தை மறப்பாரா? இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நிகழ்ச்சி போய்விட்டால் மறுபடியும் பிறந்தநாள் வாழ்த்துதான் என்ற பயமும் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

ஞாயிற்றுக்கிழமை நர்சரிச் செடிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, செத்த கத்தரியோடு என் தொட்டியைத் தூக்கி மேசையில் வைத்தேன். கேமராவுக்கு முன்னால் கட்டியை உடைத்துக் காட்டினேன். கரிசலை வெறுமனே நிரப்பாதீர்கள், செம்மண்ணும் மக்கின எருவும் கலந்துகொள்ளுங்கள் என்றேன். மேலே கிளறிவிட்டு முதலில் கொஞ்சமாக ஊற்றி, மண் ஊறி இடுக்கு மூடியபிறகு மறுபடி ஊற்றச் சொன்னேன். "இவ்வளவு நாளும் நான் சொன்னது நம்ம மண்ணுக்குத் தப்பு" என்று ஒத்துக்கொண்டேன். கேமராவுக்குப் பின்னால் அண்ணாச்சி நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதலில் அழைத்தவர் நாலு தொட்டி போச்சு என்று வைதார். வாங்கிக்கொண்டேன். அடுத்தவர் தன் வீட்டில் செத்ததைச் சொல்லிச் சிரித்தார். வரிசையாக வந்தவர்களெல்லாம் தங்கள் தோல்வியைத்தான் சொன்னார்கள். ஊரே செத்த செடியை ஒளித்துவைத்துக்கொண்டு இருந்திருக்கிறது! செடியைச் சாகக் கொடுக்காத ஆள் தோட்டம் பற்றிப் பேசக் கூடாது என்று எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. ஆனாலும் நான் எதிர்பார்த்த குரல் வரவில்லை. முடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது மணி அடித்தது.

"மேடம், நாந்தான். விளாத்திகுளம் பக்கம்."

"பாத்தீங்களாக்கா?"

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன். அப்ப என் கை இல்லையா?"

"உங்க கை இல்லக்கா. என் வாய்தான்."

அவர் போனைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது, ஆனால் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அடுத்த நொடி, வீட்டுக்குள் யாரையோ பார்த்து அவர் போட்ட கூச்சல் கோவில்பட்டி முழுக்க நேரலையில் கேட்டது.

"அத்தை! அடுப்ப அமத்திட்டு இங்கன வாங்க. என் கை இல்லையாம்! டிவில சொல்லுதாவ, வந்து கேளுங்க!"