இருக்கை நழுவிய காலை

என் உயரம் நான்கடி பதினோரு அங்குலம். பயிற்சி விமானத்தில் கால் மிதிகள் எனக்கு எட்ட வேண்டுமானால் இருக்கையைக் கடைசி வரை முன்னால் இழுத்துக்கொண்டு, முதுகுக்கு ஒரு திண்டும் வைத்துக்கொள்ள வேண்டும். திண்டை அம்மா தைத்துக் கொடுத்திருந்தார். வாரநாட்களில் அலுவலகம், சனிக்கிழமை காலையில் நகரத்துக்கு வடக்கே இருந்த சின்ன விமானத் தளம் என்று ஒரு வருடமாக ஓடிக்கொண்டிருந்தேன்.

அன்று மூன்றாவது முறையாகத் தனியாகப் பறக்க வேண்டும். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற என் பயிற்றுநர், மூன்று சுற்று சுற்றிவிட்டு வா, அதற்குள் காபி குடித்துவிடுகிறேன் என்று இறங்கிப் போனார். சரிபார்க்க வேண்டியவை ஓர் அட்டையில் இருக்கும். ‘இருக்கை பூட்டியிருக்கிறதா?’ என்று சத்தமாகப் படித்தேன். ‘பூட்டியிருக்கிறது’ என்று நானே பதிலும் சொன்னேன். ஆட்டிப் பார்க்கவில்லை.

ஓடுபாதையில் எஞ்சினுக்கு முழு விசை கொடுத்தேன். முன் சக்கரம் தரையை விடும் நேரத்தில் ‘கிளிக்’ என்று ஒரு சத்தம். என் இருக்கை தண்டவாளத்தில் போவது போல வழுக்கிப் பின்னால் போனது. கையில் பிடித்திருந்த கட்டுப்பாட்டுச் சக்கரமும் என்னோடு வந்தது. அதை இழுத்தால் விமானத்தின் மூக்கு மேலே போகும், போனது. கண்ணாடி முழுக்க வானம். எச்சரிக்கை ஊதல் அலற ஆரம்பித்தது. கால்கள் அந்தரத்தில் ஆடின. விசையைக் குறைக்கலாமென்றால் கை எட்டவில்லை. கடைசியில், பிடித்திருந்த சக்கரத்தை விட்டேன். அது ஒன்றுதான் நான் சரியாகச் செய்தது.

விமானம் தொப்பென்று விழுந்து, முன் சக்கரம் ஒடிந்து, புல்லுக்குள் இழுத்துக்கொண்டு போய் நின்றது. காற்றாடி மண்ணில் குத்தி வளைந்திருந்தது. நான் முன்னால் தவழ்ந்து போய் எரிபொருளை அடைத்து, சாவியையும் திருப்பி எடுத்தேன். அந்த நேரம் பார்த்து, கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர் வானொலியில் மிகப் பணிவாக, என் அடுத்த உத்தேசம் என்ன என்று கேட்டார். வீட்டுக்குப் போகிறேன் என்றேன்.

தீயணைப்பு வண்டி வந்தது. கதவைத் திறந்தவர் முன்பக்கத்தைப் பார்த்தார்; பிறகு, திரும்பப் பின்னால் வந்து திண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

“பைலட் எங்கம்மா?”

“நான்தான்.”

நம்பாமல் எனக்குப் பின்னால் இருந்த பெட்டி வைக்கும் இடத்தையும் எட்டிப் பார்த்தார்.

பயிற்றுநர் காபிக் கோப்பையோடு ஓடி வந்தார். பாதி அவர் சட்டையில் இருந்தது. என் கை கால்களை அசைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, இருக்கையை ஒரு விரலால் தள்ளினார். அது சுகமாகப் போய் வந்தது. அதற்கு அவர் திட்டியிருக்கலாம். பூட்டின் முளை தேய்ந்திருந்தது என்றும், நான் ஆட்டிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும் என்றும் பிறகு விசாரணையில் எழுதினார்கள். இரண்டும் உண்மை.

அம்மாவுக்குப் போன் செய்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

“எவ்ளோ ஒசரத்துல இருந்து விழுந்த?”

“பத்தடி இருக்கும்மா.”

“அவ்ளோதானா? சின்னதுல கொய்யா மரத்துல இருந்து இதவிட மேலருந்து விழுந்தியே.”

சொன்னாரே தவிர, அரை மணி நேரத்தில் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். செருப்பு இரண்டும் வேறு வேறு ஜோடி. மறுநாள் கண்டோன்மெண்ட் சர்ச்சில் நன்றி ஜெபம். ஆராதனை முடிந்து டீ ஊற்றும்போது அம்மா சொன்ன கதையில் பத்தடி நூறடியாகியிருந்தது. நான் இரண்டாவது பிஸ்கட் எடுப்பதற்குள் மேகத்தில் இருந்து விழுந்திருந்தேன். திருத்தப் போனேன், அம்மா என் கையைக் கிள்ளினார்.

ஆறு வாரம் கழித்து மறுபடி போனேன். இந்த முறை பயிற்றுநர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். ஓடுபாதையில் வேகம் எடுக்கும் முன் இருக்கையை நான்கு முறை ஆட்டிப் பார்த்தேன். அவர் அதைப் பார்க்காதவர் போல, காலையில் தளத்துக்கு வரும் வழியில் ஹெப்பாள் மேம்பாலத்தில் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டதைப் பற்றி, ஒரு தண்ணீர் லாரிக்காரரிடம் கன்னடத்தில் வாங்கிய வசவு உட்பட, விவரமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். விமானம் மேலே ஏறியிருந்தது; நான் சிரித்துவிட்டுக் கீழே பார்த்தேன். மேம்பாலத்தில் வண்டிகள் இன்னும் அப்படியே நின்றுகொண்டிருந்தன.