சுத்தமாக வந்த படம்

மொந்தேவிதேயோவில் எங்கள் ஸ்கேன் பிரிவுக்கு இப்போது புதுக் கேமரா வந்திருக்கிறது. சத்தமே இல்லை. எனக்கென்னவோ அந்தப் பழைய கடகடா கேமராவும், அதில் படம் எடுக்கப் பிள்ளைகளை மிரட்டிப் படுக்கவைக்கும் எல்பியாவும்தான் வேண்டும்.

"அசைஞ்சே, படத்துல மூணு மூக்கு விழும். மூணையும் நீதான் சிந்தணும்!" என்பாள். நாலு வயசுப் பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கல்லாய்க் கிடக்கும். எத்தனை பிள்ளைகள்!

அதில் ஒருத்தி லோரெலி. நரம்புத் திசுவில் கட்டி. தூரத்துத் தக்குவரெம்போ ஊரிலிருந்து அம்மா மிர்த்தா பஸ்ஸில் கூட்டி வந்தாள். நான் முதல் நாள் ஊசியில் ஏற்றும் கதிரியக்க மருந்து, கட்டி இருக்கும் இடத்தில் போய் ஒட்டும். மறுநாள் படத்தில் அந்த இடம் கறுப்பாக விழும். அன்று ஒரு கறுப்பும் இல்லை. மிர்த்தா எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போய் ஊருக்குப் போன் போட்டாள். புருஷன் உடனே ஆட்டை அறுத்து, சுடுவதற்கு நெருப்பும் மூட்டிவிட்டானாம்.

எல்பியா மட்டும் திரையை விட்டு நகரவில்லை. நோயில்லாத பிள்ளைக்கும் இதயமும் எச்சில் சுரப்பியும் கொஞ்சமாவது கறுக்க வேண்டும். அவையும் வெளுத்துக் கிடந்தன.

"மிர்த்தா, புள்ளைக்கு என்ன மருந்து குடுத்த?"

"ஒண்ணும் குடுக்கலக்கா. மூக்கடைப்புக்கு சிரப்பு மட்டும்தான். அதெல்லாம் ஒரு மருந்தா?"

"அதுதான் ஊசி மருந்த ஒட்ட விடல. இந்தப் படத்த நம்பாத. மறுபடி எடுக்கணும்."

"ஒரு நாள் நாங்க சிரிச்சா உங்களுக்குப் பொறுக்காதா?"

டாக்டரும் வந்து பார்த்து அதையேதான் சொன்னார். சிரப்பை நிறுத்தி எடுத்த படத்தில் தொடையெலும்பில் கறுப்பு இருந்தது. அதன் பிறகு வைத்தியம் நடந்த காலம் முழுக்க மிர்த்தா என்னிடம்தான் பேசினாள். எல்பியா பக்கம் திரும்பவே மாட்டாள். எல்பியாவுக்கு அது வலித்தது. பின்னறையில் குடிக்க எடுத்த மாத்தே இலைத் தேநீரை ஆறவிட்டு சும்மா உட்கார்ந்திருப்பாள்.

அடுத்த வருஷப் படத்தில் இதயம் கறுத்திருந்தது, எச்சில் சுரப்பி கறுத்திருந்தது, தொடை வெளுத்திருந்தது. மிர்த்தா திரையைப் பார்க்கவில்லை. எல்பியாவின் முகத்தைத்தான் பார்த்தாள். எல்பியாவோ பொலபொலவென்று அழுதுகொண்டிருந்தாள்.

"ஐயோ அக்கா, ஏன் அழறீங்க? என்னாச்சு, சொல்லுங்க!"

எல்பியா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"சுத்தமா இருக்கு மிர்த்தா. நெஜமாவே சுத்தம்" என்று நான்தான் சொன்னேன்.

எல்பியா தலையாட்டும்வரை அவள் என்னை நம்பவில்லை.