ஒரே காயில் எடுத்த விதைகள்

பாகாலாவில் நாங்கள் குடியிருந்தது, நடுவில் ஒரே சுவரை வைத்துக் கட்டிய இரண்டு வாடகை வீடுகளில் ஒன்று. பக்கத்து வீட்டில் ஒரு தெலுங்குக் குடும்பம். அந்த அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட. அவள் வீட்டுக்காரரை நான் பாவா என்று கூப்பிடுவேன். நகரியில் தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவள் நான். செடி கொடி எதுவும் தெரியாது. ரயில்வேயில் வேலை பார்த்த என் வீட்டுக்காரரோடு அங்கே போன புதிதில், அக்கா போட்ட பரங்கிக் கொடி எங்கள் பாத்ரூம் கூரைமேல் ஏறிப் படர்ந்திருந்தது.

"உன் பக்கம் காச்சா நீ அறுத்துக்கோ. என்னைக் கேட்டுக்கினு நிக்காத" என்றாள் முதல் நாளே.

ஏழு வருஷம் அப்படித்தான் போனது. சுவருக்கு மேலே கிண்ணங்கள் போகும், வரும். சாயங்கால பாசஞ்சர் கூவினால் இரண்டு வீட்டிலும் டீக்குத் தண்ணீர் வைப்போம். அக்கா பரங்கிக்காயில் வெல்லம் போட்டு, புளிக்குழம்பு மாதிரி ஒரு புளுசு வைப்பாள். அதில் பாதியை பாவாவே தின்றுவிடுவார்.

பிறகு ஒரே மாதத்தில் இரண்டு வீடும் காலியாக வேண்டி வந்தது. பாவா வேலையை விட்டு ஏர்பேடு பக்கம் சொந்த நிலத்துக்குப் போகிறேன் என்றார். எங்களுக்குத் திருப்பதிக்கு மாற்றல். கூரைமேல் கடைசியாக ஒரு காய், காம்பு காய்ந்து கிடந்தது. அக்கா அதை அறுத்தாள், ஆனால் உடனே வெட்டவில்லை. விதை உள்ளேயே முற்றட்டும் என்று இருபது நாள் மூலையில் போட்டிருந்தாள். வெட்டியபின் விதைகளைத் தண்ணீரில் அலசி, மிதந்ததையெல்லாம் எறிந்தாள். மூழ்கியதை முறத்தில் பரப்பி நிழலில் வைத்தாள். தினமும் ஒன்றை எடுத்து வளைத்துப் பார்ப்பாள். வளைந்தால் இன்னும் காய வேண்டும். ஒடிந்தால் போதும்.

ஒடிந்த அன்று ஆளுக்குப் பாதியாகப் பிரித்தாள். "தடி உண்டகூடது, ஈரமே ஆகாது. ஈரம் பட்டா போச்சு, சூடும் ஆகாது. இருட்டுல வெச்சா நாலஞ்சு வருஷம் தாங்கும்" என்றாள்.

நான் தலையாட்டினேன். திருப்பதியில் இரண்டாவது மாடி வீடு. கைப்பிடி மண்கூட இல்லை. விதைகளை ஊறுகாய் பாட்டிலில் போட்டு, கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் வைத்தேன். அவள் சொன்னதில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து பாவா மாரடைப்பில் போய்விட்டார். அன்று நான் போகவில்லை. கருமாதிக்கும் போகவில்லை. போனில், என் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று மட்டும் சொன்னேன். அதற்கப்புறம் எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நாளைத் தள்ளினேன். தள்ளத் தள்ள, கூப்பிடுவது இன்னும் கஷ்டமாகிவிட்டது. இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

போன சித்திரையில் ஊருக்கு வெளியே சின்னதாக வீடு கட்டிக் குடிபோனோம். பின்னால் கொஞ்சம் மண் இருந்தது. ஆடி பிறந்ததும் பாட்டிலைத் திறந்து எட்டு விதை ஊன்றினேன். பத்து நாளாகியும் ஒன்றும் வரவில்லை. தோண்டிப் பார்த்தால் அழுகிக் கிடந்தன. மிச்சத்தில் பத்தை ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். அதிலும் ஒன்றுகூட முளைக்கவில்லை. ஒரு விதையை உடைத்தேன். பருப்பு மஞ்சளாகி, பழைய எண்ணெய் நாற்றம் அடித்தது.

பாட்டிலை வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "அக்காகிட்ட இருக்கும். போன் போட்டுக் கேளேன்" என்றார் வீட்டுக்காரர்.

போன் போட எனக்குத் துணிச்சல் இல்லை. மறுநாள் காலையில் ஏர்பேடுக்கு பஸ் ஏறினேன்.

அக்கா வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடித்ததும் சொம்பை வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"நீ வரலன்னு கோவம் இருந்துது. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்."

"தப்புதான்க்கா."

அதற்குமேல் அவள் துருவவில்லை. நான் விதையைப் பற்றிச் சொன்னேன். அடுப்புக்கு மேலே வைத்திருந்தேன் என்றதும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உள்ளறைக்குப் போய், கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை இழுத்தாள். மூடியைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. உள்ளே சாம்பல், சாம்பலுக்குள் விதைகள்.

"அவர் போனப்புறம் நான் எதையும் நடல. இதைத் திறக்கவும் இல்ல. உயிர் இருக்குதா இல்லியான்னு எனக்கும் தெரியாது" என்றாள்.

இருவரும் சேர்ந்து பத்து விதையை எண்ணி எடுத்து ஈரத்துணியில் சுற்றி, ஒரு தட்டால் மூடி வைத்தோம். முளைக்க நாளாகும் என்பதால் நான் சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு போன் வந்தது. "ஒண்ணும் இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள். இரண்டாம் நாளும் அதுவே. மூன்றாம் நாள், விதை உப்பியிருக்கிறது என்றாள். கூடவே முட்டிவலி பற்றிச் சொன்னாள். நான்காம் நாள் பாகாலா பேச்சு வந்தது. சுவர்மேல் வைத்த ரசக் கிண்ணத்தை ஒரு தடவை குரங்கு தூக்கிக்கொண்டு ஓடியதைச் சொல்லி அரைமணி நேரம் சிரித்தோம். ஐந்தாம் நாள் எடுத்தவுடனே, "நாலு வந்துட்சி" என்றாள். மறுநாள் அது ஆறானது. மற்ற நாலும் கடைசிவரை முளைக்கவில்லை.

ஆறில் மூன்றை அவளே மண் நிரப்பிய டம்ளர்களில் கொண்டுவந்து என் வீட்டில் நட்டாள். மற்ற மூன்றும் அவள் வீட்டில். முதலில் வந்த பிஞ்சுகள் வெம்பி உதிர்ந்தன. ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் எப்படித் தடவ வேண்டும் என்று வீடியோ காலில் காட்டினாள். ஐப்பசியில் என் கொடியில் இரண்டு காய் தேறியது. ஒன்றை அறுக்கலாம் என்று நான் சொன்னதும் இரண்டு நாள் தங்குவதாகச் சொல்லி வந்தாள்.

புளுசு அவள்தான் வைத்தாள். என் வீட்டுக்காரர் முதல் கவளத்தைத் தின்றுவிட்டு, "பாவா இருந்தா இன்னொரு தட்டு கேட்டிருப்பாரு" என்றார்.

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுது ஓய்ந்ததும் கேட்டாள்.

"அன்னைக்கு உன் பொண்ணுக்கு ரொம்ப சீரியஸா?"

முதல் தடவையாக எல்லாம் சொன்னேன். டெங்கு, ஒன்பது நாள் ஆஸ்பத்திரி, பிளேட்லெட் குறைந்துகொண்டே போனது.

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சாக்கு சொல்ற மாதிரி இருக்கும்னு..."

"சாக்கு ஒன்பது நாளைக்கு. ரெண்டு வருஷத்துக்கு இல்ல" என்றாள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "போ, உன் வீட்டுக்காரருக்கு இன்னும் கொஞ்சம் போடு" என்றாள்.

இரண்டு நாளென்று வந்தவள் அந்த வாரம் முழுக்க இருந்தாள்.