கிள்ளானில் போட்ட ஐந்து கடிதங்கள்

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். இந்தச் சபையில் அது தெரியாதவர்கள் யாராவது இருந்தால் இன்றைக்குத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் நான் சொல்ல வந்த சமயத்தில் அந்த வாயே அடைத்துப் போயிருந்தது. எண்பதுகளின் நடுவில், ஒரு புரட்டாசி மாதம், தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது நடந்தது இது.

அப்போது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் ஆர்டருக்குப் பலகாரம் போட்டுக்கொண்டிருந்தேன். முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை. என் கணவர் ரயில்வே வேலையில் கீழே விழுந்து முதுகெலும்பில் அடிபட்டுப் படுக்கையில் இருந்தார். பிள்ளைகள் மூன்று பேரும் பள்ளிக்கூடத்தில். என் அடுப்பு அணைந்தால் வீட்டில் உலை வைக்க வழியில்லை. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்துக் குடும்பங்கள். நான் கிறிஸ்தவள் என்பதை அதுவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

ஒரு திங்கட்கிழமை ஈஸ்வரி வந்தார். சிலோன்காரர். அரசாங்க அலுவலகத்தில் கிளார்க், ஏறக்குறைய என் வயது. தன் அலுவலகத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் வருஷா வருஷம் அவர்தான் ஆர்டர் எடுத்துத் தருவார். அன்றைக்கு உட்காரக்கூட இல்லை.

"ஸ்டெல்லா, ஒஃபிஸில எல்லாரும் வேண்டாமெண்டு சொல்லுகினம். நான் என்ன செய்யிறது?" என்று ஒரு கடிதத்தை நீட்டினார்.

மொட்டைக் கடிதம். எழுதியவர் பெயர் இல்லை. நான் பலகாரத்தை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிறேனாம். விரதம் இருக்கிறவர்களின் பூசையைக் கெடுப்பதுதான் என் நோக்கமாம். கடலை எண்ணெய் டின்னைத் தூக்கிக் காட்டினேன், மூடியைத் திறந்து மோந்து பாருங்கள் என்றேன். ஈஸ்வரி பார்த்தார், தலையை ஆட்டினார், போய்விட்டார். அந்த வாரத்திலேயே இன்னும் ஏழெட்டு வீடுகளுக்கு அதே கடிதம் போயிருப்பது தெரிய வந்தது. கொடுத்த ஆர்டரை ஒவ்வொருவராக வந்து திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சிலர் வரக்கூட இல்லை.

என்னால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. கையில் மாவோடு வாசலுக்கு ஓடுவேன், ஏன் ஓடினேன் என்று தெரியாமல் திரும்பி வருவேன். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே திக்கென்றது. பாசாரில் காய்கறி வாங்கும்போது இரண்டு பெண்கள் தலை சேர்த்துப் பேசினால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றும். கணவருக்குக் கஞ்சி ஊட்டும்போதுகூட மனம் அந்தக் கடிதத்தின் எழுத்திலேயே இருந்தது.

ஜெபித்தேன். எப்படி ஜெபித்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். "ஆண்டவரே, மொட்டைக் கடிதம் எழுதின ஆளை எனக்குக் காட்டும். காட்டினால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்." ஜெபமா அது? போலீஸில் கொடுக்கிற புகார்!

அவர் காட்டுவதற்குள் எனக்கே அவசரம் வந்துவிட்டது. எதிர்வரிசையில் பாக்கியம் அக்கா இருந்தார். அவரும் தீபாவளிப் பலகாரம் போடுகிறவர். எப்போதும் வாசலில் நின்று சத்தமாக நலம் விசாரிப்பவர், அந்த வாரம் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போனார். எனக்கு அது போதும். இவள்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அடுத்து நான் செய்ததை இந்த மேடையில் சொல்லவே நாக்கு கூசுகிறது. ஈஸ்வரியின் அலுவலகத்துக்கு ஒன்று, ஆர்டரை நிறுத்திய வீடுகளுக்கு நான்கு, ஆக ஐந்து கடிதம் எழுதினேன். ஈப்போ கமலா என்று ஒன்று, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்று ஒன்று, இப்படி இல்லாத ஆட்களின் பெயரில். ஸ்டெல்லா கடைப் பலகாரம் சுத்தமோ சுத்தம், நாங்கள் பத்து வருஷமாகச் சாப்பிடுகிறோம் என்று. அத்தோடு விட்டேனா? பாக்கியம் கடை எண்ணெய் நாள்பட்டது, சாப்பிட்டு வயிற்றுப்போக்கு வந்தது என்றும் சேர்த்தேன். பிரிக்பீல்ட்ஸ் தபால் முத்திரை விழுந்தால் சந்தேகம் வரும் என்று பஸ் ஏறிக் கிள்ளான் வரைக்கும் போய்ப் போட்டேன். பெட்டியில் போடும் முன் ஐந்தின் மேலும் கை வைத்து, என் பேரைக் காப்பாற்றும் என்று ஜெபம் வேறு!

நான்கு நாள் கழித்து ஈஸ்வரி மறுபடி வந்தார். இந்த முறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேசையில் ஒரு கடிதத்தை விரித்தார். ஈப்போ கமலா. அதன் பக்கத்தில், போன வருஷம் அவருடைய அதிரச டின்னில் நான் பெயர் எழுதி ஒட்டியிருந்த தாளை வைத்தார்.

"உண்மையைச் சொல்லும் ஸ்டெல்லா. ரெண்டும் ஒரே கையெழுத்துத்தானே?"

நான் அந்தத் தாளைக் கையால் மூடினேன்.

"முதல் கடிதத்தை நான் நம்பேல்லை. ஒஃபிஸில உமக்காக எல்லாரோடயும் சண்டை பிடிச்சனான். இப்ப நான் எந்த முகத்தோட போய்க் கதைக்கிறது?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. கடிதத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

அடுப்படியில் மாவு மூட்டைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மொட்டைக் கடிதம் எழுதின ஆளைக் காட்டும் என்று இத்தனை நாளாகக் கேட்டேனே, காட்டிவிட்டார். அந்த ஆள் நான்தான். அன்றைக்குத்தான் ஒழுங்காக ஜெபித்தேன். வார்த்தை அதிகம் வரவில்லை. "நான் ஸ்டெல்லா. நான்தான் எழுதினேன். எனக்குப் பயமாக இருந்தது. மன்னியும்" என்றேன். அழுது முடித்து, முகம் கழுவி, பாக்கியம் அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அடிப்பாவி!" என்று கத்தினார். "அந்த மொட்டக் கடுதாசி என் வீட்டுக்கும்தான் வந்துச்சு. கிழிச்சி அடுப்புல போட்டேன் லா. ஒன் மூஞ்சிய எப்படிப் பாக்கறதுன்னு தெரியாமத்தான் தலையக் குனிஞ்சிக்கிட்டுப் போனேன். நீ என்னையவா நெனச்ச? போ! என் வாசல்ல நிக்காத!"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. ஆனாலும் நிற்கவில்லை. ஈஸ்வரி அலுவலகத்துக்குப் போனேன், மற்ற நான்கு வீட்டுக்கும் போனேன். "அதை எழுதினது நான். பாக்கியம் அக்காவைப் பற்றி எழுதினது பொய்" என்றேன். ஒரு வீட்டில் பேசி முடிக்கும் முன்பே கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் மட்டும் தண்ணீர் கொடுத்தார்கள். கடை போய்விட்டது என்றே நினைத்தேன். ஆச்சரியம் என்னவென்றால், பல நாளுக்குப் பிறகு அன்றுதான் என் நெஞ்சு படபடக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை முற்பகல், பாக்கியம் அக்கா என் கடை வாசலில் வந்து நின்றார். கையில் எண்ணெய் டின், கக்கத்தில் ஒரு முக்காலி. முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

"அடுப்பத் தூக்கி வெளிய போடு. ஊரே பாக்கட்டும். என் எண்ணெய், ஒன் கை."

கடைக்கு முன்னால் ஆட்கள் நடக்கும் அஞ்சடியிலேயே அடுப்பைப் போட்டேன். அவர் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கோயிலுக்குப் போய் வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். முதல் முறுக்கு கோணல்மாணலாக விழுந்தது. அன்று புரட்டாசிச் சனி. பாக்கியம் அக்கா வீட்டில் பெருமாளுக்குப் படைத்துவிட்டு வந்திருந்தார், ஆனால் விரதம் இன்னும் முடிக்கவில்லை, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. அத்தனை பேர் பார்க்க, என் சட்டியிலிருந்து வந்த அந்தக் கோணல் முறுக்கை எடுத்து, ஊதி, கடித்தார். அதில்தான் விரதத்தை முடித்தார்.

"உப்புப் பத்தல லா" என்றார். நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

மதியம் அரைநாள் அலுவலகம் முடிந்து ஈஸ்வரி வந்து, ஆர்டர் சீட்டை என் மடியில் வைத்தார். எல்லாரும் திரும்பி வரவில்லை. சிலர் கடைசி வரை வரவேயில்லை, அது அவர்கள் இஷ்டம். முதல் கடிதத்தை எழுதியது யார் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. அதைக் கேட்டு ஜெபிப்பதையும் நிறுத்திவிட்டேன். அந்த வருஷம் என் வீட்டு அடுப்பு அணையவில்லை. பிள்ளைகள் படித்தார்கள். என் கணவர் இன்னும் ஏழு வருஷம் என்னோடு இருந்தார்.

என் ஆண்டவருக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்! என் பேரைக் காப்பாற்றும் என்று கேட்டேன். நான் பொய் சொல்லி அழிக்கப் பார்த்த மனுஷியைக் கொண்டே அவர் அதைக் காப்பாற்றினார். உங்களைப் பற்றியும் யாராவது பொய் பரப்பிக்கொண்டிருக்கலாம். பதிலுக்கு ஒன்றை எழுதி நீங்களும் கைப்பையில் வைத்திருக்கலாம். எனக்குத் தெரியும், பேசும்போதே இரண்டு பேர் தலையைக் குனிந்துவிட்டீர்கள். அதைக் கிழித்துப் போடுங்கள். பயமாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, யாரைச் சந்தேகப்பட்டீர்களோ, அந்த வீட்டுக் கதவை இன்றைக்கே போய்த் தட்டுங்கள்.